எடைக் குறைப்பு அறுவைக்குப் பிறகு இரும்பு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாத்திரை உள்ளே போன அரை மணி நேரத்தில் குமட்டல். நெஞ்சுக்குக் கீழே எரிச்சல், நாள் கணக்கில் மலச்சிக்கல், நாக்கில் துருவின் சுவை. எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கு இதெல்லாம் உண்மையான அவதி. வீட்டில் இருப்பவர்கள் “கொஞ்சம் பொறுத்துக்கோ, மருந்துன்னா அப்படித்தான்” என்று சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டுப் பலரும் செய்வது ஒன்றுதான்: மாத்திரையை அலமாரிக்குள் வைத்துவிட்டு, மறுபரிசோதனையில் “சாப்பிடுறேன் டாக்டர்” என்று தலையாட்டுவது. எல்லாத் தவறிலும் பெரியது இதுதான். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்பும் மருத்துவர், இரும்பு ஏன் ஏறவில்லை என்று அளவைக் கூட்டுவார், அல்லது குடலில் ரத்தக்கசிவு இருக்குமோ என்று தேடத் தொடங்குவார். ‘நிறுத்திவிட்டேன், வயிறு தாங்கவில்லை’ என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு மருந்துக்கு மாற்றியிருப்பார்.

இந்த அறுவைக்குப் பிறகு இரும்பு ஏன் இவ்வளவு முக்கியம்? உணவிலிருக்கும் இரும்பைப் பெரும்பாலும் உறிஞ்சுவது சிறுகுடலின் முதல் பகுதி. இரைப்பை பைபாஸ் அறுவையில் சாப்பாடு அந்தப் பகுதியைத் தொடாமலே கீழே போய்விடுகிறது. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவதால், இரும்பைக் கரைத்துக் கொடுக்கும் அமிலம் குறைகிறது. சாப்பிடும் அளவும் குறைவு, இறைச்சியைப் பார்த்தாலே பலருக்குப் பிடிப்பதில்லை. முதலில் உடலின் சேமிப்பு கரையும், ஹீமோகுளோபின் பிறகுதான் இறங்கும். படியேறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, ராத்திரியில் கால் அமைதியில்லாமல் துடிப்பது, ஐஸ் கட்டியை மென்று தின்னத் தோன்றுவது என்று மெதுவாகக் காட்டும். ‘எடை குறைஞ்சிருக்குல்ல, அதான் அசதி’ என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, காலைப் பசியாறல். கோப்பிக்கடை மேசையில் ஒரு கிளாஸ் தே, பக்கத்தில் வாரக் கட்டம் போட்ட மாத்திரை டப்பா. இரும்பு, கால்சியம், மல்ட்டிவிட்டமின் மூன்றையும் உள்ளங்கையில் கொட்டி, அந்தத் தேயோடு ஒரே மடக்கு. தேயிலையின் டேனின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பாலும் கால்சியமும் அதை உள்ளே விடாது. வயிற்றெரிச்சல் மட்டும் உங்களுக்கு, சத்து இல்லை! கால்சியத்துக்கும் இரும்புக்கும் இடையில் குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். தே, கோப்பி, மைலோ எதுவானாலும் மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளியிருக்கட்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். காலை 7 மணிக்குத் தைராய்டு, 11 மணிக்கு இரும்பு, கால்சியம் மதியம் 1 மணிக்குப் பிறகும் இரவிலுமாக என்று எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டால் குழப்பமில்லை.

‘வெறும் வயிற்றில்தான் சாப்பிடணும்’ என்று பிடிவாதமாக இருந்து தினமும் வாந்தி எடுப்பவர்கள் உண்டு. வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும் என்பது சரி. ஆனால் வாந்தியில் வெளியே போவதைவிட, இரண்டு வாய் மீனோ கோழியோ சாப்பிட்டுவிட்டுப் போட்டு, கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும் நல்லதுதான். வைட்டமின் சி துணை செய்யும் என்று கடையில் விற்கும் பழச்சாற்றைக் குடிக்காதீர்கள். அந்தச் சர்க்கரை பைபாஸ் செய்தவர்களுக்குப் படபடப்பும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீர் போதும், எரிச்சல் உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

மருந்துக்கடையில் ‘வயிற்றுக்கு இதமானது’ என்ற எழுத்தை மட்டும் பார்த்து வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. டப்பாவின் முன்னால் இருக்கும் மில்லிகிராமும், அதற்குள் இருக்கும் உண்மையான இரும்பின் அளவும் வேறு வேறு. ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மில்லிகிராமில் இரும்பு சுமார் 65 மில்லிகிராம், ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மில்லிகிராமில் சுமார் 35. எடைக் குறைப்பு அறுவை செய்த, மாதவிடாய் வரும் பெண்களுக்கும், பைபாஸ் அல்லது ஸ்லீவ் செய்தவர்களுக்கும் குறைபாடு வராமல் தடுக்கும் அளவாகவே ஒரு நாளைக்கு 45 முதல் 60 மில்லிகிராம் வரை பரிந்துரைக்கிறார்கள். மிட்டாய் போன்ற கம்மி விட்டமின்கள் பலவற்றில் இரும்பே கிடையாது. மெதுவாகக் கரையும் உறை போட்ட மாத்திரை வயிற்றுக்கு இதமாகத் தெரியலாம். ஆனால் அது இரும்பை உறிஞ்சும் இடத்தைத் தாண்டிப் போய்த்தான் கரையும், அதனால் அறுவை செய்தவர்களுக்குப் பொருந்தாது. மெல்லும் மாத்திரையோ திரவமோ கேட்டுப் பாருங்கள். திரவம் பல்லில் கறை படியவைக்கும், குடித்ததும் வாயைக் கொப்பளியுங்கள். எதுவாக இருந்தாலும் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், இரும்பு அளவு மீறினால் சின்னப் பிள்ளைகளுக்கு உயிராபத்து.

விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து இரண்டு மடங்காகப் போடுவது வீண் வேலை. ஒரு அளவு இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, சுமார் ஒரு நாளைக்கு அடுத்த அளவு சேர்வதைக் குறைத்துவிடும். அதனால்தான் சில மருத்துவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கிறார்கள், வயிறும் கொஞ்சம் ஓய்வெடுக்கும். உங்களுக்கு அது சரிவருமா என்று கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். அல்சர் வராமலிருக்கக் கொடுக்கும் ஒமெப்ரசோல் போன்ற மருந்தும் இரும்பைக் குறைக்கத்தான் செய்யும், அதற்காக அதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை வாங்கிச் சமைத்தால் போதும் என்று அம்மாக்கள் சொல்வது அன்பினால். கீரை நல்லதுதான், ஆனால் அதிலுள்ள இரும்பு இந்த வயிற்றில் மிகக் கொஞ்சமே சேரும். ஈரலும் ஆட்டிறைச்சியும் அதைவிடப் பரவாயில்லை, அவையும் மாத்திரையின் இடத்தைப் பிடிக்காது.

மலம் கறுப்பாவது இரும்பினால் இயல்பு. தார் போல ஒட்டி, கடும் நாற்றத்தோடு, தலைசுற்றலும் சேர்ந்தால் அது ரத்தமாக இருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பைபாஸ் செய்தவர்கள் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளைத் தொடவே கூடாது, இரைப்பையையும் குடலையும் இணைத்த இடத்தில் புண் வந்து ரத்தம் கசியலாம்.

ஹெல்த்ஹப் செயலியில் ரத்த முடிவைப் பார்க்கும்போது ஹீமோகுளோபினோடு நின்றுவிடாமல், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பாருங்கள், இல்லையென்றால் பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள். இங்கே சிங்கப்பூரில், ஹீமோகுளோபினைப் பாதிக்கும் பரம்பரைக் கோளாறான தலசீமியாவின் மரபணு உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதாலேயே இரும்பு குறைவு என்று அர்த்தமில்லை.

எந்த மாத்திரையும் ஒத்துவராவிட்டால், நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். ‘டிரிப் போடும் அளவுக்குப் போய்விட்டதே’ என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது. குடல் உறிஞ்சாத உடம்புக்கு இதுதான் நேர்வழி. மருந்தைப் பொறுத்து ஓரிரு முறை வந்து ஏற்றிக்கொண்டாலே தேவையான அளவு சேர்ந்துவிடும். ஒவ்வாமை அரிது, இருந்தாலும் ஏற்றிய பிறகு அரை மணி நேரம் உட்காரவைத்துக் கவனிப்பார்கள். ஃபெரிக் கார்பாக்சிமால்ட்டோஸ் என்ற மருந்தானால் ரத்தத்தில் பாஸ்பேட் குறையக்கூடும், அதைச் சோதிக்க வேண்டுமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். அதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர், அளவு, எந்த நேரத்தில் போட்டீர்கள், எத்தனை மணி நேரத்தில் என்ன செய்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால், மருத்துவருக்கு அடுத்ததை முடிவுசெய்ய அது போதும்.