அமெரிக்க ஜூரி தீர்ப்புகள்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கொலை வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்ததும் நாம் முதலில் பார்ப்பது ஜூரியில், அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில், இருந்தவர்களின் நிறத்தை. எத்தனை வெள்ளையர், எத்தனை கறுப்பர் என்று எண்ணிவிட்டு முடிவு கட்டிவிடுகிறோம். எண்ணுவது தவறில்லை. அந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்று கேட்காமல் விடுவதுதான் தவறு.

பாதி வேலை சாட்சி கூண்டில் ஏறுமுன்பே முடிந்துவிடுகிறது. ஜூரிக்கு அழைக்கப்பட்டவர்களில் சிலரைக் காரணம் சொல்லாமலே நீக்கும் உரிமை பெரும்பாலான மாநிலங்களில் இரு தரப்புக்கும் உண்டு. நிறத்தைப் பார்த்து நீக்கக் கூடாது என்று 1986இல் பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே ஜார்ஜியாவில் திமோத்தி ஃபாஸ்டர் என்ற கறுப்பினத்தவரின் வழக்கில் கறுப்பின ஜூரர்கள் அனைவரையும் அரசுத் தரப்பு நீக்கியது. 34 வயதுப் பெண் ஒருவரை நீக்கச் சொன்ன காரணங்களில் ஒன்று, 19 வயது ஃபாஸ்டருக்கு அவர் வயதில் நெருக்கமானவர் என்பது! பின்னாளில் வெளிவந்த கோப்பில் கறுப்பினத்தவர் பெயர்கள் மட்டும் பச்சை நிறத்தில் தீட்டப்பட்டிருந்தன. இது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2016 ஆயிற்று.

மிசிசிப்பியில் நடந்தது இன்னும் மோசம். கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஒரே கொலை வழக்கில் ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார் ஒரே அரசு வழக்கறிஞர். நீக்க வாய்ப்பிருந்த 42 கறுப்பின ஜூரர்களில் 41 பேர் நீக்கப்பட்டார்கள். ஆறாவது விசாரணையில், நீக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவரிடம் 145 கேள்விகள். அமர்த்தப்பட்ட 11 வெள்ளையரிடம் மொத்தமே 12. தண்டனை 2019இல் ரத்தானது. ஆகவே 'நீக்கியதற்குத்தான் காரணம் சொன்னார்களே' என்று சமாதானமாகிவிடாதீர்கள். அதே கேள்வி வெள்ளையரிடமும் கேட்கப்பட்டதா என்று பாருங்கள்.

இலங்கைத் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜின் கொலை வழக்கைக் கவனித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2016இல் கொழும்பில் அதை விசாரித்தது சிங்கள ஜூரி. அதன் அமைப்பைப் பற்றிய ஆட்சேபம் விசாரணையின்போதே எழுந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

கறுப்பின ஜூரர் என்றால் கறுப்பின எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) ஒரு ஓட்டு என்று கணக்குப் போடுவதும் பிழை. புளோரிடாவின் இரண்டு மாவட்டங்களில் 2000 முதல் 2010 வரை நடந்த 700க்கும் மேற்பட்ட விசாரணைகளைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அழைக்கப்பட்டோர் பட்டியலில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லாதபோது கறுப்பின எதிரிகளில் 81 சதவீதத்தினரும் வெள்ளையரில் 66 சதவீதத்தினரும் தண்டிக்கப்பட்டார்கள். பட்டியலில் ஒருவராவது இருந்தபோது இடைவெளி மறைந்துவிட்டது. அவர் ஜூரியில் அமர்ந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உளவியலாளர் சாமுவேல் சோமர்ஸ் 2006இல் வெளியிட்ட, பாவனை விசாரணை வைத்துப் பார்த்த ஜூரி ஆய்வில், வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரிகளைவிட, கறுப்பினத்தவரும் கலந்த ஜூரிகளில் இருந்த வெள்ளையர்களே வழக்கின் விவரங்களை அதிகம் பேசினார்கள், தவறாகச் சொன்னவையும் குறைவு. எனக்கு இதுதான் ஆகச் சுவையான முடிவு.

இனம் வெளிப்படையாகப் பேசப்படும் வழக்கில்தான் பாரபட்சம் அதிகம் என்பதும் தவறான ஊகம். அங்கே வெள்ளை ஜூரர்கள் உஷாராகிவிடுகிறார்கள், இனப் பேச்சே எழாத வழக்குகளில்தான் நழுவுகிறார்கள் என்று சோமர்ஸும் ஃபீபி எல்ஸ்வொர்த்தும் முன்பே காட்டியிருந்தார்கள்.

சாட்சியத்தின் வலுவை மறந்து தண்டனை சதவீதங்களை மட்டும் ஒப்பிடாதீர்கள். சாட்சியம் உறுதியாக இருந்தால் பெரும்பாலான ஜூரிகள் அதன்படியே போகின்றன. இரு பக்கமும் சமமாக நிற்கும் வழக்கில்தான் மனச்சாய்வு உள்ளே நுழைகிறது. சாட்சியமே இனத்துக்கு அப்பாற்பட்டது என்றும் நம்பிவிட வேண்டாம். வேற்று இனத்தவர் முகத்தை அடையாளம் காண்பதில் எல்லா இனத்தவரும் தடுமாறுகிறார்கள். வட கரோலினாவில் ரொனால்ட் காட்டன் என்ற கறுப்பினத்தவரை, பாதிக்கப்பட்ட வெள்ளைப் பெண் உறுதியாக அடையாளம் காட்டினார். 1987 மறுவிசாரணையில் உண்மைக் குற்றவாளியையே முன்னே நிறுத்தியும் அவருக்குத் தெரியவில்லை. காட்டனை 1995இல் டிஎன்ஏ விடுவித்தது.

பன்னிரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்வது கடைசித் தவறு. லூசியானாவிலும் ஓரிகனிலும் அண்மைக் காலம் வரை பல வழக்குகளில் பத்துப் பேர் ஒப்புக்கொண்டால் போதும் என்றிருந்தது. கறுப்பின ஜூரர்களின் குரலைச் செல்லாக்காசாக்கவே லூசியானா 1898இல் ஒருமனதான முடிவைக் கைவிட்டது. 2020இல் உச்ச நீதிமன்றம் இந்த முறையை ஒழித்தாலும், மேல்முறையீடு முடிந்த பழைய வழக்குகளுக்குப் பொருந்தாது என்று மறு ஆண்டே சொல்லிவிட்டது. 2022இல் ஓரிகன் உச்ச நீதிமன்றம் தன் மாநிலப் பழைய கைதிகளுக்கும் அந்தச் சலுகையைக் கொடுத்தது. லூசியானா உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு மறுத்துவிட்டது.