புக்கெட் தீவின் வரலாற்றைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாய்லாந்தின் அந்தமான் கடலோரத்தில் இருக்கும் புக்கெட்டைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையிலேயே நின்றுவிடுகிறார்கள். வரலாற்றைத் தொட முன்வருகிற சிலரோ, பெயர்களின் ஓசையை நம்பி வழி தவறுகிறார்கள். இரண்டாவது தவறே எனக்கு அதிக வருத்தம் தருகிறது. அக்கறையோடு தேடுகிறவர்களையும் அது ஏமாற்றிவிடுகிறது.

1025-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ் ஆவணம் ஒன்று இத்தீவை 'மணிக்கிராமம்' என்று அழைத்ததாகவும், அதற்குப் 'பளிங்கு மலை' என்று பொருள் என்றும் பல சுற்றுலாப் பக்கங்கள் சொல்கின்றன. தமிழ் தெரிந்தவர் இதை அப்படியே எடுத்து எழுதலாகாது. கிராமம் என்ற சொல்லுக்கு மலை என்று பொருளில்லை. மணிக்கிராமம் என்பது ஓர் ஊரின் பெயருமன்று, கடல் கடந்து வாணிகம் செய்த வணிகர் குழுவின் பெயர். 1025 என்பது இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு நடந்த ஆண்டு. அவனுடைய மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுப் புகழுரை, ஸ்ரீவிஜயம் தொடங்கிக் கடாரம் வரை வரிசையாகச் சொல்லும் ஊர்ப்பெயர்களில் மணிக்கிராமம் இல்லை. அவ்வரிசையில் வரும் தலைத்தக்கோலம், புக்கெட்டுக்கு வடக்கே பெருநிலத்தில் உள்ள தக்குவாபா என்ற ஊராக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அதுவும் கருத்துதான், முடிவு அன்று.

உண்மையான தமிழ்த் தொடர்பு அந்தத் தக்குவாபாவில் கிடைத்த கல்வெட்டில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த, சிதைந்த, சில வரிகளே எஞ்சிய கல் அது. அவனிநாரணம் என்ற பெயரில் தோண்டப்பட்ட ஒரு குளத்தையும், அதைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தாரிடமும், சேனாமுகத்தார் என்ற மற்றொரு குழுவிடமும் விடப்பட்டதையும் அது சொல்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர் என்பதால், இதைச் சோழர் கல்வெட்டு என்று எழுதுவதும் பிழை. அப்பகுதியில் கிடைத்த திருமால் சிலையைப் புக்கெட்டிலுள்ள தலாங் தேசிய அருங்காட்சியகத்தில் காணலாம். சிலை தீவில் இருப்பதால் தீவையே தமிழர் ஆண்டார்கள் என்று முடிவுகட்டுவது, குளத்தைக் காத்த வணிகர்களின் உண்மைக் கதையை மறைத்துவிடும். ஊர் விட்டு ஊர் வந்தவர்கள், வந்த இடத்தில் தண்ணீருக்கு வழி செய்திருக்கிறார்கள். அந்தச் செய்தியே போதுமான பெருமை.

பழைய ஐரோப்பிய வரைபடங்களில் இத்தீவு 'ஜங்க் சிலோன்' என்று குறிக்கப்பட்டிருக்கிறது. இதற்கும் இலங்கைக்கும் தொடர்பில்லை. 'ஜங்க்' எனப்படும் சீனக் கப்பலுக்கும் தொடர்பில்லை. சாலாங் முனை என்று பொருள்படும் 'உஜோங் சாலாங்' என்ற மலாய்த் தொடர் ஐரோப்பியர் வாயில் அப்படித் திரிந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்தச் சாலாங்தான் தீவின் வடபகுதி மாவட்டமான தலாங்கில் இன்றும் நிற்கிறது. புக்கெட் என்ற பெயரும், குன்றைக் குறிக்கும் 'புக்கிட்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது.

தீவின் நடுவே இரு பெண்களின் சிலையை எழுப்பியிருக்கிறார்கள். 1785-இல் பர்மியப் படை தலாங்கைச் சூழ்ந்தபோது, ஆளுநர் இறந்துவிட்ட வேளையில் ஊரைக் காத்து நின்ற சகோதரிகள் சானும் மூக்கும் அவர்கள். அவர்களை அரசிகள் என்று எழுதக் கூடாது. மூத்தவர் இறந்த ஆளுநரின் மனைவி. போருக்குப் பிறகே மன்னர் முதலாம் ராமா இருவருக்கும் பட்டங்கள் வழங்கினார்.

பழைய நகரத்தின் வண்ண வண்ணக் கடைவீடுகளைச் 'சீன-போர்த்துகீசியப் பாணி' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அதைக் கேட்டுத் தீவைப் போர்த்துகீசியர் ஆண்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தாய்லாந்து எந்த ஐரோப்பிய நாட்டுக்கும் குடியேற்ற நாடாக இருந்ததில்லை. வெள்ளீயச் சுரங்கங்களுக்கு வந்து செல்வம் சேர்த்த ஹொக்கியன் சீனர்கள், பினாங்கில் கண்ட பாணியை இங்கே கட்டினார்கள். இந்த உலோகத்தை ஈயம் என்று மட்டும் எழுதினால் வேறொன்றாகிவிடும். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் உண்மையில் வெள்ளீயம்தான். அச்சீனர்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினர் 'பாபா' எனப்படுகிறார்கள். பினாங்கில் பெண்களை 'நியோன்யா' என்று பிரித்துச் சொல்வதுபோல் அன்றி, புக்கெட்டில் ஆண், பெண் இருபாலரும் பாபாதான்.

சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் நடக்கும் சைவ உணவுத் திருவிழாவைப் பார்க்கும் தமிழருக்கு, கன்னத்தில் வேல் பாய்ச்சி வருவோரைக் கண்டதும் அலகு குத்தும் காவடியே நினைவுக்கு வரும். நினைவு வருவதில் குற்றமில்லை. அதனால் இதுவும் முருக வழிபாட்டின் ஒரு கிளை என்று எழுதுவதுதான் குற்றம். இது ஒன்பது பேரரசத் தெய்வங்களுக்கான சீன வழிபாடு. 1825-இல் கத்து என்ற சுரங்க ஊரில் நோயுற்ற சீன நாடகக் குழுவினர், இந்நோன்பை ஏற்றுக் குணமடைந்தார்கள் என்பது ஊர் மரபு. இப்படி வேல் பாய்ச்சிக்கொள்ளும் 'மா சோங்' எனப்படுவோர் தெய்வம் தம்மேல் இறங்கி ஊரார் துன்பத்தை ஏற்றுக்கொள்வதாக நம்புகிறார்கள்; அவர்கள் முகத்தருகே படக்கருவியை நீட்டி வழிமறிப்பது வழிபாட்டுக்கு இழைக்கும் அவமதிப்பு. நம் சைவச் சாப்பாடும் அங்கே பொருந்தாது. சிவப்பு எழுத்துப் பொறித்த மஞ்சள் கொடி பறக்கும் கடைகளில் பால், முட்டை மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு.

தீவில் கணிசமாக வாழும் முஸ்லிம்கள் எல்லோரையும் மலாய் பேசுவோராகக் கருதுவதும் தவறு. பெரும்பாலோரின் வீட்டு மொழி, தாய்லாந்து மொழியின் தென்பகுதி வழக்கு.

மிகுந்த கவனம் தேவைப்படுவது கடல் மக்களைப் பற்றிப் பேசும்போதுதான். 'கடல் நாடோடிகள்' என்ற ஒற்றைச் சொல்லால் மோக்கென், மோக்லென், உராக் லாவோய் என்ற மூன்று இனத்தாரையும் கட்டிவிடுகிறார்கள். ராவாய் கடற்கரையிலும் சிரே தீவிலும் உராக் லாவோய் மக்கள் பல தலைமுறைகளாக ஊர் அமைத்து வாழ்கிறார்கள். அவர்களுடைய மொழி மலாய்க்கு நெருங்கியது. ஆண்டுக்கு இருமுறை, தாய்லாந்து நாட்காட்டியின் ஆறாம், பதினோராம் மாதங்களின் முழுநிலவை ஒட்டி, சிறு மரப்படகு ஒன்றைச் செய்து, பொரியும், வெட்டிய நகமும் முடியும், மரத்தில் செதுக்கிய சிறு உருவங்களும் அதில் வைத்து, கெட்டவை எல்லாம் அதனோடு போகட்டும் என்று கடலில் விடுகிறார்கள். நாடோடிகள் என்று அவர்களை நாம் எழுதும்போது, அவர்களுக்கென்று ஊர் இல்லை, நிலம் இல்லை என்ற வாதத்துக்குத் துணைபோகிறோம். ராவாயில் அவர்கள் தங்கள் முன்னோரின் எலும்புகளையே சான்றாகக் காட்டி, குடியிருக்கும் மண்ணுக்காக வழக்காட நேர்ந்திருக்கிறது.