டைல்ஸ் ஒட்டும் முன் பாத்ரூம் தரையின் ஆட்டத்தை நிறுத்துங்கள்

கனடா, அமெரிக்கா மர வீடுகளில் மாடி பாத்ரூமின் தரை கான்கிரீட் அல்ல. பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் ஓடித் தரையைத் தாங்கும் ஜாய்ஸ்ட் என்ற மரச் சட்டங்கள், அவற்றின் மேல் பிளைவுட், அவ்வளவுதான். மரம் வளைந்து கொடுக்கும், டைல்ஸ் கொடுக்காது. முதலில் டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கிரவுட் மயிரிழையாக விரியும், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும், பிறகு டைல்ஸே கழன்றுவிடும். கிரவுட்டை மட்டும் சுரண்டிப் பூசினால் அதே இடத்தில் மறுபடி விரியும்.

ஆடுவது பிளைவுட்டா, ஜாய்ஸ்ட்டா? இதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. டம்ளரில் தண்ணீர் நிரப்பித் தரையில் வைத்து, ஓரடி தள்ளி நின்று, குதிகாலைத் தூக்கித் தொப்பென்று இறக்குங்கள். நின்ற இடத்தில் மட்டும் காலடி அமுங்கினால் பிளைவுட். எங்கே நின்று செய்தாலும் தண்ணீர் அலையடித்தால் ஜாய்ஸ்ட். கணக்கு இது: முழுப் பாரத்திலும் ஜாய்ஸ்ட் தன் நீளத்தில் 360-ல் ஒரு பங்குக்கு மேல் வளையக் கூடாது. 12 அடிக்குச் சுமார் 10 மி.மீ. மார்பிள் போன்ற கல் என்றால் அதிலும் பாதிதான்.

பழைய தரையைப் பெயர்க்கும் முன் ஒரு எச்சரிக்கை: 1990-க்கு முன் போட்ட வினைல் தரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பரிசோதிக்காமல் சுரண்டாதீர்கள்.

கமோடைக் கழற்றியதும் அதன் குழாயைச் சுற்றி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. நல்ல மரம் வரும் வரை, பழைய பிளைவுட்டை ஜாய்ஸ்ட்டின் நடுக்கோடு வரை வெட்டி எடுத்துப் புது பிளைவுட் போட வேண்டும். அதன் ஓரங்களுக்கு அடியில் தாங்கு கட்டை இல்லாவிட்டால் அங்கேயே மறுபடி ஆடும்.

ஜாய்ஸ்ட் பலவீனம் என்றால் அதே உயரமுள்ள புதுச் சட்டத்தைப் பக்கவாட்டில் பசை தடவி, அடிக்கு ஒரு ஜோடி வீதம் போல்ட் போட்டு இணையுங்கள். இரு முனைகளும் சுவரிலோ உத்திரத்திலோ உட்காரும்படி முழு நீளத்துக்குப் போட்டால் நல்லது. குழாய்க்காக யாராவது ஜாய்ஸ்ட்டின் அடிப்பக்கத்தை வெட்டியிருந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அடுத்து பிளைவுட். கிறீச்சென்ற சத்தம், ஆணி தளர்ந்து மேலும் கீழும் உரசுவதுதான். ஜாய்ஸ்ட் ஓடும் கோட்டில், ஓரங்களில் 6 அங்குலம், நடுவில் 8 அங்குலத்துக்கு ஒன்றாக இரண்டரை அங்குல ஸ்க்ரூ இறக்குங்கள். அதன் மேல் அரை அங்குல பிளைவுட் இன்னொரு அடுக்கு. கீழ் இணைப்பும் மேல் இணைப்பும் ஒரே கோட்டில் வரக் கூடாது. பலகைகளுக்கிடையே 3 மி.மீ., சுவரோரம் 6 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

பலர் ஏமாறுவது, பிளைவுட்டுக்கும் டைல்ஸுக்கும் நடுவே போடும் சிமென்ட் போர்டில். அது தரைக்குப் பலம் தராது. டைல்ஸ் பிடிக்க நல்ல முகம் தரும், அவ்வளவே. கால் அங்குலப் பல் கரண்டியால் அதற்கு அடியில் தின்செட் (டைல்ஸ் ஒட்டும் சிமென்ட் கலவை) இழுத்துவிட்டு, 8 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ போடுங்கள். இணைப்புகளில் வலைநாடா ஒட்டித் தின்செட் பூசுங்கள். டைல்ஸ் ஒட்டி ஒரு நாள் கழித்துக் கிரவுட். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் கிரவுட் வேண்டாம், சிலிக்கான்.

இத்தனை அடுக்கு ஏறியதும் கமோட் பிளாஞ்ச், அதாவது கமோடைக் குழாயோடு இணைக்கும் வளையம், தரைக்குள் புதைந்துவிடும். அது டைல்ஸ் மேல் உட்காரும்படி உயர்த்தும் வளையம் போடுங்கள். இல்லாவிட்டால் கசிவு மறுபடி அங்கேதான் தொடங்கும்.