வேற நம்பிக்கை இருக்குறவங்களோட ஒரே வீட்ல இருக்குறது எப்படி

முதல்ல, அவங்க மதத்த பத்தி கூகுள்ல படிச்சுட்டு வந்து அவங்களுக்கே கிளாஸ் எடுக்காதீங்க, நேரா கேளுங்க, ஏன்னா ஒரே மதத்துக்குள்ளயே ஆளாளுக்கு கடைப்பிடிக்குறது வேற மாதிரி இருக்கும். எதை தொடக்கூடாது, எப்போ சத்தம் வேணாம், எதை சாப்பிட மாட்டீங்கன்னு முதல் வாரமே கேட்டுட்டா பாதி சண்டை வராது. பிரார்த்தனைக்கு கூப்பிட்டு உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா "நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க"ன்னா போதும், காரணம் சொல்ல ஆரம்பிச்சா விடிய விடிய விவாதம்தான் (அனுபவம்!). சாமி இல்லன்னு சொல்றவரையும் திருத்த கிளம்பாதீங்க. அவங்க மதத்த அவங்களே கிண்டல் பண்ணாலும் நீங்க சேர்ந்துக்காதீங்க. நோன்பு தேதிய மட்டும் வருஷா வருஷம் கேட்டுக்கோங்க, ரமலான் சந்திர கணக்குங்குறதால வருஷத்துக்கு 10, 11 நாள் முன்னாடியே வந்துரும்.