டேப் வீட்டுக்கே பொது, உள்ள இருக்க அக்கவுண்ட் யாரோடது?

எங்க வீட்ல நடந்ததுல இருந்தே ஆரம்பிக்கிறேன். 2020ல ஆன்லைன் கிளாஸுக்குன்னு அவசரமா வாங்கின டேப் (டேப்லெட்) ஒண்ணு இருந்துச்சு, 32 ஜிபி தான். வாங்கின அன்னிக்கு மெயில் ஐடி கேட்டப்ப யாரும் யோசிக்கல, பக்கத்துல உக்காந்திருந்த அப்பாவோட ஐடியப் போட்டு உள்ள போயிட்டோம். ரெண்டு வருஷம் கழிச்சு தங்கச்சி ஏதோ ஆப் இறக்கப் பாத்தா "ஸ்டோரேஜ் ஃபுல்"னு வந்துச்சு. அவ போட்டோ ஆப்பத் திறந்தா அப்பா போன்ல எடுத்த படம் எல்லாம் வரிசையா நிக்குது, இதெல்லாம் அப்பா போன்லதான் இருக்கே, டேப்ல எதுக்குன்னு முந்நூறு நானூறு படத்த ஒரே இழுப்புல செலக்ட் பண்ணி அழிச்சிட்டா. அதுல பாட்டி கடைசியா எங்க வீட்ல இருந்தப்ப எடுத்த படமும் இருந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு அப்பா அந்தப் படத்த யாருக்கோ அனுப்பலாம்னு போன்ல தேடுறாரு, ஒண்ணையும் காணோம்.

இதுல ரொம்பப் பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரே அக்கவுண்ட்ல ரெண்டு மெஷின் ஓடுச்சுன்னா, பேக்கப் ஆன படத்த, அதாவது நெட்ல அந்த அக்கவுண்ட்ல காப்பி ஏறின படத்த, ஒரு இடத்துல அழிச்சா எல்லா இடத்துலயும் போயிடும். அதைவிடக் கொடும, அந்தப் படங்க டேப்ல இல்லவே இல்ல, நெட்ல இருந்து எடுத்துதான் காட்டிட்டு இருந்துச்சு, அதனால அத்தனையும் அழிச்சும் டேப்ல இடமே கிடைக்கல. கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆன படத்த அழிச்சா 60 நாள் டிராஷ்ல கிடக்கும், பேக்கப் ஆகாததுன்னா 30 நாள். நாங்க அதுக்குள்ள பாத்ததால திரும்ப எடுத்துட்டோம். டேப்ல இடம் வேணும்னா "ஃப்ரீ அப் ஸ்பேஸ்"னு தனியா ஒரு ஆப்ஷன் இருக்கு, அது ஏற்கனவே பேக்கப் ஆன படத்தோட டேப் காப்பிய மட்டும்தான் எடுக்கும். குப்பைத்தொட்டி பட்டனும் அதுவும் ஒண்ணு இல்ல, தயவுசெஞ்சு குழப்பிக்காதீங்க.

இத ஏன் இவ்ளோ நீட்டிச் சொல்றேன்னா, டேப்ல நாம பண்ற தப்புல முக்காவாசி இங்க இருந்துதான் கிளம்புது. போன் ஒருத்தரோடதுன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் தொட மாட்டாங்க. டேப் அப்படி இல்ல, ஹால்ல டிவி ரிமோட் மாதிரி கிடக்கும், குழந்தை கார்ட்டூன் பாக்கும், அம்மா சமையல் வீடியோ பாப்பாங்க, ஊர்ல இருந்து வந்த சித்தப்பா பையன் கேம் இறக்குவான். ஆனா உள்ள திறந்து கிடக்கிறது ஒரே ஒருத்தரோட மெயில், போட்டோ, சேவ் பண்ணி வச்ச பாஸ்வேர்டு எல்லாம்.

ஆண்ட்ராய்டு டேப்ல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி யூசர் வச்சுக்கிற வசதி 2012ல வந்த 4.2 வெர்ஷன்லயே வந்திருச்சு. செட்டிங்ஸ்ல "யூசர்ஸ்"னு தேடிப் பாருங்க, இருந்தா குழந்தைக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க, ஒருத்தரோட ஆப்பும் படமும் இன்னொருத்தருக்குத் தெரியாது. சில கம்பெனி டேப்ல இத எடுத்துட்டிருப்பாங்க, ஒவ்வொரு யூசரும் கொஞ்சம் இடம் தின்னும்ங்கிறதால 32 ஜிபில கஷ்டம்தான். வீட்டு உபயோகத்துக்கு வாங்குற ஐபேட்ல இந்த வசதியே இல்ல. அந்த மாதிரி இடத்துல டேப்புக்குன்னே புதுசா ஒரு மெயில் ஐடி போடுங்க, வீட்ல யாரோட சொந்த ஐடியும் வேண்டாம்.

வாட்ஸ்அப்பும் இதே கதைதான். ஒரு நம்பர நாலு டிவைஸ் வரைக்கும் லிங்க் பண்ணிக்கலாம், பெரிய ஸ்கிரீன்ல பாக்க வசதியா இருக்குன்னு அப்பா லிங்க் பண்ணிடுவாரு, அப்புறம் அவருக்கு வர்ற மெசேஜ் எல்லாம் ஹால்ல எல்லாரு கண்ணுக்கும் படும். போன் ஆஃப்ல இருந்தாலும் டேப்ல வந்துட்டே இருக்கும், போன்ல வாட்ஸ்அப்ப 14 நாள் திறக்காம விட்டாதான் தானா கழண்டுக்கும். மாசத்துக்கு ஒரு தடவ போன்ல "லிங்க்ட் டிவைசஸ்" போய் என்னென்ன இருக்குன்னு பாத்து வேண்டாதத லாகவுட் பண்ணிடுங்க.

குழந்தைங்க விஷயத்துல அடிக்கடி பாக்குறது இந்த ஃப்ரீ ட்ரையல். மூணு நாள் ஃப்ரீன்னு போடும், குழந்தை ஓகே ஓகேன்னு தட்டிட்டே போகும், பின் நம்பர் கேட்டா பெரியவங்களும் யோசிக்காம போட்டுக் குடுத்திருவாங்க, நாலாவது நாள்ல இருந்து பணம் போக ஆரம்பிக்கும். உடனே நாம பண்றது ஆப்ப டெலிட் பண்றது, அதோட முடிஞ்சுதுன்னு நினைக்கிறது. முடியல. ஆப்ப டெலிட் பண்ணாலும் சப்ஸ்கிரிப்ஷன் அப்படியே ஓடிட்டே இருக்கும். பிளே ஸ்டோர்ல ப்ரொஃபைல் படத்தத் தொட்டு பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் உள்ள போய்தான் கேன்சல் பண்ணணும், ஐபேட்ல செட்டிங்ஸ்ல மேல இருக்க உங்க பேரத் தொட்டா சப்ஸ்கிரிப்ஷன்ஸ் வரும். நம்ம ஊர்ல ரிசர்வ் பேங்க் விதிப்படி 15,000 ரூபாய் வரைக்கும் ஆட்டோ டெபிட்டுக்கு ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேக்காது, ஆனா பணம் எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி மெசேஜோ மெயிலோ வரணும். அந்த மெசேஜ விளம்பரம்னு நினைச்சு தள்ளி விட்டுறாதீங்க, நிறுத்துறதுக்கு உங்களுக்குக் கிடைக்கிற நேரம் அதுதான். பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல வாங்குற ஒவ்வொண்ணுக்கும் பாஸ்வேர்டு கேக்குற மாதிரி வைங்க, 13 வயசுக்குள்ள இருக்க குழந்தைன்னா கூகுளோட ஃபேமிலி லிங்க் ஆப்பப் போட்டு நீங்க ஓகே குடுத்தாதான் ஆப் இறங்கும்னு வச்சிரலாம்.

இப்ப சொல்லப்போறதுதான் இருக்கிறதுலயே ஆபத்தானது. சிம் போடுற டேப்ல பேங்க்ல குடுத்து வச்ச பழைய நம்பரோட சிம்மப் போட்டு வைக்கிறாங்க, நெட்டுக்குன்னு. பேங்க் ஓடிபி எல்லாம் இப்ப குழந்தை விளையாடுற டேப்புக்கு வருது. அதே டேப்ல வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகைன்னு ஒரு ஃபைல் வருது, பேரு முடியுற இடத்துல "ஏபிகே"ன்னு மூணு எழுத்து. சொந்தக்காரங்க நம்பர்ல இருந்தே வரும், ஏன்னா அவங்க போன் ஏற்கனவே மாட்டிருக்கும். பத்திரிகைன்னா படமாவோ பிடிஎஃப்பாவோ வீடியோவாவோ வரும், ஏபிகேன்னா அது ஆப், இன்ஸ்டால் பண்ணா எஸ்எம்எஸ் படிக்கிற அனுமதி கேக்கும், குடுத்தா உங்க ஓடிபி மோசடிக்காரன் கைக்குப் போகும். இத வச்சுப் பணம் போனதுன்னு பல மாநில போலீஸும் எச்சரிக்கை குடுத்திருக்காங்க. செட்டிங்ஸ்ல "இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்"ல வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் அனுமதி ஆஃப்ல இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. தப்பித் தவறி இன்ஸ்டால் பண்ணிட்டா முதல்ல வைஃபைய ஆஃப் பண்ணி சிம்மக் கழட்டுங்க, வேற போன்ல இருந்து பேங்குக்கும் சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கும் கூப்பிடுங்க, யாரு பண்ணாங்கன்னு வீட்ல சண்டை போடுறத அப்புறம் வச்சுக்கலாம். குழந்தைய திட்டுவீங்கன்னு பயந்து அது சொல்லாம விட்டா அந்த ஒரு மணி நேரத்துலதான் அக்கவுண்ட் காலியாகும்.

வாங்குறப்ப பண்ற தப்பு கொஞ்சம்தான். வைஃபை மட்டும் இருக்க டேப்ல யூபிஐ ஆப் ரிஜிஸ்டர் ஆகாது, அதுக்கு டேப்ல இருக்க சிம்ல இருந்தே எஸ்எம்எஸ் போகணும், பொது டேப்ல அது இல்லாததே நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன். வைஃபை ஐபேட்ல ஜிபிஎஸ் கிடையாது, கார்ல மேப் பாக்கலாம்னு வாங்கி ஏமாறாதீங்க. படம் பாக்கத்தான் வாங்குறீங்கன்னா "வைட்வைன் எல்1" (படத்தக் காப்பி அடிக்காம இருக்க வைக்கிற பாதுகாப்போட மேல் லெவல்) இருக்கான்னு கேளுங்க, எல்3னா ஸ்கிரீன் எவ்ளோ நல்லா இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப்ல ஹெச்டி வராது, மங்கலாத்தான் தெரியும்.

பேட்டரிக்கும் இந்தப் பொதுச்சொத்துப் பிரச்சனை உண்டு, யாரும் பொறுப்பு எடுத்துக்க மாட்டாங்க. ஒண்ணு நாள் முழுக்க சார்ஜர்லயே தொங்கும், இல்லன்னா பரீட்சை நேரத்துல பிள்ளைக்குத் தெரியக் கூடாதுன்னு சீரோல பீரோக்குள்ள போயிடும். ரெண்டும் லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. எடுத்து வைக்கணும்னா பாதி சார்ஜ்ல ஆஃப் பண்ணி வைங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ எடுத்து மறுபடி பாதி வரைக்கும் ஏத்துங்க. ஐபேட்டுக்கு ஆப்பிள் சொல்ற அளவு 35 டிகிரி வரைக்கும்தான், சித்திரை வெயில்ல வேலூர், கரூர் பக்கம் 40 தாண்டுது, அதுல ஜன்னலோர மெத்தை மேல போட்டு சார்ஜ் ஏத்திக்கிட்டே கேம் விளையாடினா எப்படித் தாங்கும்? பழைய 5 வாட் போன் சார்ஜர மாட்டிட்டு டேப் கெட்டுப் போச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, 7000 எம்ஏஹெச் பேட்டரி அதுல ஏற ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும், அவ்ளோதான் விஷயம். ஆனா ஸ்கிரீன் ஓரத்துல லேசா தூக்கின மாதிரி இருந்தா உள்ள பேட்டரி உப்புதுன்னு அர்த்தம். அமுக்கிப் பாக்காதீங்க, சார்ஜும் போடாதீங்க, நேரா சர்வீஸுக்குக் கொண்டு போங்க.

கடைசியா, பழசானப்ப சொந்தக்காரங்களுக்குக் குடுக்கிறது. எங்க பெரியம்மா டேப்ப அவங்க பேத்திக்குக் குடுக்கிறப்ப பட்டன அமுக்கிப் பிடிச்சு ரீசெட் பண்ணித்தான் குடுத்தாங்க. ஆன் பண்ணா பழைய அக்கவுண்ட் பாஸ்வேர்டு கேக்குது, திருட்டுப் போனா யாரும் யூஸ் பண்ணக் கூடாதுன்னு வச்ச பூட்டு அது, ஆண்ட்ராய்டு 5.1ல இருந்தே இருக்கு, ஐபேட்லயும் உண்டு. பெரியம்மாவுக்கு அந்த ஐடியே ஞாபகம் இல்ல, யாரோ கடைக்காரர் போட்டுக் குடுத்தது. நாலு மாசம் அந்த டேப் பேத்தி வீட்டு ஷெல்ஃப்ல சும்மா கிடந்துச்சு. குடுக்கிறதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல அக்கவுண்ட எடுத்துட்டு அங்க இருந்தே ரீசெட் பண்ணணும், பழைய டேப் வாங்குறவங்க கடையிலயே ஆன் பண்ணி ஹோம் ஸ்கிரீன் வர்ற வரைக்கும் பாத்துட்டுதான் காசு குடுக்கணும். இப்ப எங்க வீட்டு டேப்போட மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் அம்மாவோட பால் கணக்கு நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கு, அந்த நோட்டு பீரோல ரேஷன் கார்டுக்குக் கீழ இருக்கு.