ஆர்டிஐ போட்டுட்டு காசைக் கோட்டை விடாதீங்க

போன வாரம் எதிர்வீட்டுப் பையன் ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல போட்ட மனுவுக்கு வந்த பதில் லெட்டரோட வந்தான், "அண்ணே, ஆயிரத்துச் சொச்சம் கட்டச் சொல்றாங்க"ன்னு. நான் அன்னைக்கு முழிச்ச அதே முழி. கையெழுத்து போடுங்க, அட்ரஸ் எழுதுங்கங்கிற சமாச்சாரமெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடுறேன். காசைக் கோட்டை விடுற தப்புங்களை மட்டும் சொல்றேன்.

லெட்டர் வந்த கவரைக் கிழிச்சுப் போடுறது

இதை நினைச்சா இன்னும் வயித்தெரிச்சல். எங்க தெரு ரோடு வேலைக்கு பில்லு, எம்-புக் (வேலையை அளந்து எழுதுற புக்) காப்பி எல்லாம் கேட்டு மனு போட்டேன். 412 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபா, 824 கட்டுங்கன்னு பதில். லெட்டர்ல இருந்த தேதிப்படி மனு போய்ச் சேர்ந்து 27 நாள், என் கைக்கு வந்தது 43வது நாள். தபால் லேட்டு போலன்னு கவரைக் குப்பைல போட்டுட்டு, ஆபீசுக்கு லீவு சொல்லிட்டு போய் கட்டிட்டும் வந்துட்டேன். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் தலைல அடிச்சுக்கிட்டார். மனு போய்ச் சேர்ந்து 30 நாளைத் தாண்டிட்டா சட்டத்தோட பிரிவு 7(6)படி காப்பியை இலவசமா தரணும். பணம் கேட்டு லெட்டர் அனுப்பின நாள்ல இருந்து நாம கட்டுற வரைக்கும் உள்ள நாளை மட்டும்தான் கழிச்சுக்கலாம், அது 7(3). டைப் அடிச்ச நாள் இல்லைங்க, அனுப்பின நாள்! அதுக்கு என்கிட்ட இருந்த ஒரே சாட்சி கவர் மேல இருந்த தபால் சீல், அதைத்தான் நானே கிழிச்சுப் போட்டேன். லெட்டர் நிஜமாவே தபால்ல லேட்டாச்சா, இல்ல பழைய தேதி போட்டு அனுப்பினாங்களான்னு இப்போ யாரைப் போய் கேக்கறது?

பையன்கிட்டயும் முதல்ல "கவர் எங்கடா"ன்னுதான் கேட்டேன். நல்லவேளை பைக் கவர்ல மடிச்சு வச்சிருந்தான், சீல்ல 38வது நாள். முதல் மேல்முறையீட்டுக்கு, அதாவது அதே ஆபீஸ் மேலதிகாரிகிட்ட முறையிடறதுக்கு, 30 நாள் டைம் இருக்கு, கவரை ஜெராக்ஸ் எடுத்து சேர்த்து அனுப்பிட்டோம், ஒரிஜினல் பீரோல.

எல்லாத்துக்கும் காப்பி கேக்கறது

அந்த 412ல எனக்கு உதவினது ஒம்போது பக்கம். ஃபைலை நேர்ல பாக்கணும்னு எழுதியிருந்தா முதல் ஒரு மணி நேரம் காசே கிடையாது, வேணுங்கற பக்கத்தை மட்டும் குறிச்சுக் குடுத்து காப்பி வாங்கியிருக்கலாம்.

சென்ட்ரல் ஆபீசுக்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுறது

நம்ம தமிழ்நாட்டு ஆபீசுக்கு மனு ஃபீசா 10 ரூபா ஸ்டாம்ப் ஓகே. சென்ட்ரலுக்கு அது செல்லாது, போஸ்டல் ஆர்டர் எடுங்க.

வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கறவங்க ஃபீஸ் கட்டுறது

சர்டிபிகேட் காப்பியை வைங்க, அந்த 10 ரூபாயும் வேணாம்.

முதல் மேல்முறையீட்டுக்கும் ஸ்டாம்ப் ஒட்டுறது

இங்க அதுக்கு ஃபீசே இல்ல.