கிணற்றில் இறங்குமுன்: ஆவி அளக்கும் கருவி காட்டாதவை

வன்னியில் தோட்டக் கிணற்றுக்குள் பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் மோட்டரை இறக்கி நீர் இறைப்போர், சேதன ஆவிகளை (பெற்றோல் போன்றவற்றிலிருந்து எழும் காபன் சேர்ந்த ஆவிகளை) அளக்கும் கையடக்கக் கருவி 0 காட்டுகிறது என்பதை மட்டும் நம்பி உள்ளே இறங்கவே கூடாது. இக்கருவி, தன் புறஊதா விளக்கின் ஒளியால் அயனாகும், அதாவது மின்னேற்றம் பெறும், ஆவிகளை மட்டுமே உணரும். இக்கருவிகள் பலவற்றில் அவ்விளக்கின் ஆற்றல் 10.6 இலத்திரன் வோல்ற்று (ஆற்றலின் அலகு) என்பதால், 9.24 இல் அயனாகும் பென்சீனையும் 8.83 இல் அயனாகும் தொலுயீனையும் அது எளிதில் கண்டுகொள்ளும். ஆனால் அயனாக 14 இலத்திரன் வோல்ற்று அளவு வேண்டும் காபனோரொட்சைட்டு, அதாவது மோட்டர் புகையில் ஆளைக் கொல்லும் அந்த மணமற்ற வாயு, அதன் கண்ணில் படவே படாது. மெதேனும் ஒட்சிசன் குறைவும் அப்படித்தான். இவற்றுக்குத் தனி உணரிகள் கட்டாயம் வேண்டும்.

பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. ஆகவே கிணற்று வாயில் அளந்தால் போதாது, கருவி காற்றை உறிஞ்சும் குழாயை அடிவரை படிப்படியாக இறக்கி, காற்று மேலே வந்துசேரும்வரை பொறுத்து வாசிக்க வேண்டும். றப்பர் குழாய் ஆவியை உறிஞ்சிவிடும். டெப்ளோன் குழாயே ஏற்றது.

கருவி எல்லா ஆவிகளையும் ஒரே அளவில் உணராது: ஐசோபியூட்டிலீன் என்ற வாயுவால் அளவுதிருத்திய கருவி பென்சீனுக்கு 20 காட்டினால், உண்மை அளவு ஏறத்தாழ 10 தான்.

கார்த்திகை மழைநாளொன்றில், குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறக்கிய கருவியின் கண்ணாடியில் நீர்த்துளி படிய, ஆவியே இல்லாத வெளியில் இலக்கம் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்திருக்கிறேன். வெளிச் சூட்டுக்குப் பழகும்வரை அதை இயக்காமல் வைத்திருங்கள்.